ஜெம் தளத்தில் விற்பது: சிறு உற்பத்தியாளருக்கான முழு மதிப்பீடு

மத்திய அரசு அலுவலகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் நாற்காலி முதல் ஆள் ஒப்பந்தம் வரை வாங்கும் இடம் ஜெம் எனப்படும் அரசு மின்சந்தைத் தளம். 2016 ஆகஸ்டில் தொடங்கியது. 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 149-ஆம் விதி, அங்கே கிடைக்கும் பொருளை அங்கேதான் வாங்க வேண்டும் என்று மத்திய அமைச்சகங்களைக் கட்டாயப்படுத்துகிறது. 2024-25 நிதியாண்டில் தளத்தின் வழியாக நடந்த கொள்முதல் 5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சொந்தமாகப் பொருள் தயாரிப்பவர், இரண்டு மூன்று மாதம் பணம் வராவிட்டாலும் பட்டறையை ஓட்டக்கூடியவர், காகித வேலைக்கு ஒரு ஆளை ஒதுக்கக்கூடியவர் என்றால் இது நல்ல சந்தை. வாங்கி விற்கும் வியாபாரிக்குச் சுமார். கைமுதல் இறுக்கமாக இருப்பவருக்கு ஆபத்து. இதைக் கடை என்று நினைத்து நுழைபவர்கள்தான் பெரும்பாலும் அடிபடுகிறார்கள். ஒவ்வொரு ஆர்டரும் ஒரு ஒப்பந்தம் என்று எடுத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்துவிட்டு விலை போடுபவர்களுக்கு லாபம் நிற்கிறது.

பதிவும் பட்டியலும்

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பான், ஆதார், ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்குகள், உத்யம் எனப்படும் மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவு ஆகியவை போதும். உத்யம் பதிவும் இலவசம்தான். இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பணம் வீண். விற்றுமுதலைப் பொறுத்து 5,000 முதல் 25,000 ரூபாய் வரை கட்ட வேண்டியிருந்த காப்புத் தொகையும் 2025-ல் எடுக்கப்பட்டது.

பதிவில் அதிகம் சிக்குவது பெயர்தான். பான் அட்டையில் ஒரு மாதிரி, ஜி.எஸ்.டி. சான்றிதழில் வேறு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி என்று நிறுவனப் பெயர் இருந்தால் சரிபார்ப்பில் நிற்கும். முன்னெழுத்து, புள்ளி, ‘அண்ட் கோ’ எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். இன்னொன்று, ஆதார் ஓ.டி.பி. போகும் கைபேசி உரிமையாளரிடம் இருக்க வேண்டும். மின்கையொப்பமும் ஒப்பந்தமும் அதன் வழியாக நடப்பதால், ஆடிட்டர் அலுவலகத்து எண்ணையோ தரகரின் மின்னஞ்சலையோ கொடுத்தால் உங்கள் கணக்கின் சாவி அவர்களிடம் போய்விடும். ஆர்டர் வந்ததே தெரியாமல் தேதி தாண்டிய கதைகளுக்கு இதுதான் காரணம்.

உத்யம் பதிவில் ‘உற்பத்தி’ என்ற செயல்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். ‘வணிகம்’ என்று மட்டும் இருந்தால், சிறு நிறுவனங்களுக்கான கொள்முதல் சலுகைகள் ஒன்றும் கிடைக்காது. பொருளுக்கு உற்பத்தியாளர், சேவைக்குச் சேவை வழங்குபவர் ஆகியோருக்கு மட்டுமே அவை உண்டு என்று, விலை கேட்டு வாங்குபவர் வெளியிடும் ஏல ஆவணத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து பீரோ செய்யும் பட்டறைக்காரர் அவசரத்தில் தன்னை வணிகர் என்று பதிந்துகொண்டு சலுகையை இழப்பது அடிக்கடி நடக்கிறது.

பொருளைப் பட்டியலிடுவது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. தளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் நிர்ணயிக்கப்பட்ட அளவுருக்கள் உண்டு. பீரோ என்றால் தகட்டுத் தடிமன், உயரம், அகலம், தட்டுகளின் எண்ணிக்கை, பூட்டு வகை, பூச்சு. இவற்றில் சிலவற்றைத் தங்க அளவுருக்கள் என்கிறார்கள். வாங்கும் அதிகாரி இவற்றை வைத்துத்தான் சலிப்பார். நீங்கள் 0.8 மில்லிமீட்டர் தகட்டில் செய்துவிட்டு, பட்டியலில் கை தவறி 0.9 என்று தேர்ந்தெடுத்தால், சரக்கு போய் இறங்கியபின் அளவுகோல் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போக வர வாடகை உங்களுடையது.

பொருள்களை நான்கு தரப் பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு பிரிவுகளில் பிராண்ட் உரிமையாளராகவோ அவரால் அனுமதிக்கப்பட்ட விற்பனையாளராகவோ இருக்க வேண்டும். அந்த உரிமையாளர் நிலையைப் பெற இந்தியத் தரக் கவுன்சிலின் மதிப்பாய்வு உண்டு. பட்டறையைப் படமெடுத்து, இயந்திரங்களையும் ஆள் எண்ணிக்கையையும் காட்ட வேண்டும். அலைச்சல்தான் என்றாலும் நிஜமாகத் தயாரிப்பவர் இதை முடித்துவிடுவது நல்லது. முடிந்தபின் மற்ற ஊர் வியாபாரிகளுக்கு உங்கள் பிராண்டை விற்க அனுமதி கொடுக்கலாம். ஆனால் அவர்களின் விலை உங்கள் விலையை வெட்டும், அவர்கள் செய்யும் தாமதம் உங்கள் பிராண்டின் பெயரைக் கெடுக்கும். ஆகவே எந்த மாநிலம், எந்த மாடல், எவ்வளவு காலம் என்பதை எழுத்தில் வாங்காமல் யாருக்கும் அனுமதி தராதீர்கள்.

கணக்கில் செய்ய வேண்டிய இரண்டு தேர்வுகளைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒன்று, எந்த மாநிலங்களுக்கு, மாவட்டங்களுக்கு அனுப்புவீர்கள் என்ற தேர்வு. இன்னொன்று, ஒரு முகவரிக்குக் குறைந்தபட்சம் எத்தனை என்ற எண்ணிக்கை. அம்பத்தூரில் செய்யும் பீரோவுக்கு ‘இந்தியா முழுவதும்’, ‘குறைந்தபட்சம் 1’ என்று விட்டுவைத்தால் வடகிழக்கில் ஒரு முகாமிலிருந்து ஒற்றை பீரோவுக்கு ஆர்டர் வரும். பொருளின் விலையில் பாதி வாடகைக்கே போகும். மறுத்தால் உங்கள் மதிப்பெண் குறையும். புகார் எழுந்தால் கணக்கை நிறுத்திவைக்கவும் கூடும். தொடக்கத்தில் லாரி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தை மட்டும் திறந்துவையுங்கள்.

வாடிக்கையாளரைப் பிடிப்பது

பட்டியலிட்டுவிட்டுக் காத்திருந்தால் ஆர்டர் வராது. பெரும்பாலான சிறு உற்பத்தியாளர்கள் ‘ஜெம்மில் போட்டாச்சு, ஒன்றும் நடக்கவில்லை’ என்று விட்டுவிடுவது இங்கேதான். வாங்கும் முறை தொகையைப் பொறுத்து மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எங்கே உழைக்க வேண்டும் என்று தெரியும்.

50,000 ரூபாய் வரை அதிகாரி தரம், அளவு, டெலிவரி நாள் பொருந்தும் எந்த விற்பனையாளரிடமும் நேரடியாக வாங்கலாம். அதற்கு மேல் 10 லட்சம் வரை, குறைந்தது மூன்று வெவ்வேறு உற்பத்தியாளர்களின் பொருள்களைத் தளத்திலேயே ஒப்பிட்டு, குறைந்த விலைக்காரரிடம் வாங்க வேண்டும். இதைத்தான் எல்1 கொள்முதல் என்கிறார்கள். 10 லட்சத்துக்கு மேல் ஏலமோ தலைகீழ் ஏலமோ கட்டாயம்.

ஆக, புதிதாக வருபவருக்கு நல்ல தொடக்கம் 50,000 ரூபாய்க்குள். அங்கே விலை மட்டுமே முடிவு செய்வதில்லை. தெரிந்த பெயர், பக்கத்து ஊர், சொன்ன தேதியில் வரும் என்ற நம்பிக்கை ஆகியவையும் எண்ணப்படும். உங்கள் மாவட்டத்தில் உள்ள மத்திய அரசு வாங்குபவர்களின் பட்டியலைப் போடுங்கள். சென்னைப் பக்கம் பெரம்பூர் ஐ.சி.எஃப்., ஆவடித் தொழிற்சாலைகள், கல்பாக்கம். திருச்சியில் பி.எச்.இ.எல்., என்.ஐ.டி. நெய்வேலியில் என்.எல்.சி. தூத்துக்குடியில் வ.உ.சி. துறைமுகம். பல மாவட்டங்களில் கேந்திரிய வித்யாலயா பள்ளிகள், அஞ்சல் அலுவலகங்கள், வருமான வரி அலுவலகங்கள், பொதுத்துறை வங்கிகளின் மண்டல அலுவலகங்கள். இவற்றின் கொள்முதல் அல்லது ஸ்டோர்ஸ் பிரிவுக்கு ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கொடுங்கள். பொருளின் படம், அளவு, தகட்டுத் தடிமன், தளத்தில் உள்ள பொருள் எண், ஜி.எஸ்.டி. சேர்ந்த விலை, டெலிவரி நாள், பழுது வந்தால் கூப்பிட வேண்டிய எண் ஆகியவை அதில் இருக்கட்டும். பொருள் எண்தான் முக்கியம். நூற்றுக்கணக்கான பீரோக்களுக்கு நடுவே அதிகாரியால் உங்களுடையதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எண்ணைத் தட்டினால் நேராக வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். 2 லட்சத்துக்கான தேவையை 50,000-க்குள் நான்காக உடைத்துத் தரச் சொல்வது. தேவையைப் பிரித்து வாங்கக் கூடாது என்பது பொது நிதி விதிகளிலேயே உள்ளது. தணிக்கையில் மாட்டுபவர் அந்த அதிகாரி. அதன்பின் அந்த அலுவலகத்தில் உங்கள் தாளை யாரும் வாங்க மாட்டார்கள்.

நேரமும் கணக்கில் வரும். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதால் ஜனவரி முதல் மார்ச் வரை சிறு கொள்முதல் குவியும். அந்த மூன்று மாதத்துக்கு நன்றாக ஓடும் இரண்டு மாடலைச் செய்து அடுக்கிவையுங்கள். தளத்தில் இருப்பு எண்ணிக்கை பூஜ்யமானால் பொருள் தேடலில் தெரியாது. அதைத் தவிர்க்க இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டுவது இன்னும் மோசம்.

விலை போடும்போது எம்.ஆர்.பி.யிலிருந்து தள்ளுபடியாகக் காட்ட வேண்டும்; பல பிரிவுகளில் குறைந்தது 10 சதவீதம். எம்.ஆர்.பி.யை ஏற்றிவைத்துத் தள்ளுபடி காட்டும் வேலை கேள்வி வந்தால் நிற்காது. பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு வுமனியா என்ற தனிப் பிரிவு உண்டு. தகுதி உள்ளவர்கள் விவரக்குறிப்பில் அதைக் கட்டாயம் காட்டவும்.

ஏல ஆவணத்தை எங்கிருந்து படிப்பது

10 லட்சத்துக்கு மேல் போனால் ஆட்டம் மாறிவிடும். ஏல ஆவணத்தில் முதல் பக்கத்துத் தொகையைப் பார்த்துவிட்டு விலை போடுவது பெரிய தவறு. கடைசியிலிருந்து படியுங்கள். முதலில் கன்சைனி பட்டியல், அதாவது சரக்கு எந்த முகவரிகளில் எத்தனை இறங்க வேண்டும் என்ற அட்டவணை. பிறகு ஏ.டி.சி. என்று சொல்லப்படும், வாங்குபவரின் கூடுதல் நிபந்தனைகள். அதன்பின்தான் தகுதியும் அளவும்.

ஜெம்மில் விலை என்பது எல்லாம் அடங்கியது. ஜி.எஸ்.டி., லாரி வாடகை, இறக்குகூலி, மாடிக்கு ஏற்றுவது, பொருத்துவது வரை. பிறகு தனியாகக் கேட்க வழியில்லை. 80 பீரோவுக்கு ஒரு ஏலம் என்று வைத்துக்கொள்வோம். ஆவடிக்கு 50, நெய்வேலிக்கு 20, தூத்துக்குடிக்கு 10. நீங்கள் ஒன்றுக்கு ஜி.எஸ்.டி. சேர்த்து 16,000 போடுகிறீர்கள். ஒப்பந்தம் 12,80,000. இதில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் ஒரு பீரோவுக்குக் கையில் நிற்பது 13,559. பட்டறை அடக்கம் 10,900 என்றால் பார்வைக்கு 2,659 லாபம்.

இனி கழியுங்கள். மூன்று ஊர் வாடகை மொத்தம் 48,000 என்று வைத்தால் பீரோவுக்கு 600. ஆவடி வாடகையை மட்டும் மனதில் வைத்து 200 என்று போடுபவர்கள் இங்கேயே 400 விடுகிறார்கள்; பத்து பீரோவுக்காகத் தூத்துக்குடிக்குத் தனி வண்டி போவதுதான் செலவு. இறக்கி ஏற்ற 150. ஒன்பது லட்ச ரூபாய் முதலீடு இரண்டு மாதம் முடங்கினால் 12 சதவீத வட்டியில் 18,000, பீரோவுக்கு 225. வங்கி உத்தரவாதச் செலவு 25. தளத்தின் பரிவர்த்தனைக் கட்டணம் 10 லட்சம் வரை இல்லை; அதற்கு மேல் 10 கோடி வரை 0.30 சதவீதம். இங்கே 3,840 ரூபாய், பீரோவுக்கு 48. கூட்டினால் 1,048. உண்மையான லாபம் 1,611.

இப்போது தலைகீழ் ஏலம். முதலில் எல்லோரும் விலை போட்டு, தகுதியானவர்கள் தேர்வானபின், திரையில் விலையைக் குறைத்துக்கொண்டே போகும் போட்டி இது. அதிக விலை போட்டவரைப் போட்டிக்கு முன்பே வெளியேற்றும் முறையும் உண்டு. ஆகவே முதல் விலையை ரொம்ப ஏற்றிப் போட்டு, பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு பலிக்காது. கடைசி 15 நிமிடத்தில் யாராவது குறைத்தால் நேரம் தானாக நீளும். அந்தச் சூட்டில் 16,000 என்பது 14,400 ஆனால் வெறும் 10 சதவீதம்தானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்: ஜி.எஸ்.டி. போக 12,203, அடக்கமும் மேற்செலவும் கழித்தால் பீரோவுக்கு 255 ரூபாய் மிச்சம். தகட்டு விலை கிலோவுக்குச் சில ரூபாய் ஏறினாலே அதுவும் போய்விடும். போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாளே அடிமட்ட விலையை ஒரு தாளில் எழுதி, திரைக்கு முன் உட்காரும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள். அந்த விலைக்குக் கீழே ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

விலை ஏறும் அபாயத்தைக் கூட்டும் நிபந்தனை ஒன்று பெரும்பாலான ஏலங்களில் இருக்கும். ஒப்பந்தம் போடும்போது எண்ணிக்கையை 25 சதவீதம் கூட்டவோ குறைக்கவோ வாங்குபவருக்கு உரிமை உண்டு; ஒப்பந்தக் காலத்தில் அதே விலைக்கு இன்னும் 25 சதவீதம் கூட்டவும் உரிமை உண்டு. 80 என்பது 100 ஆகி, பிறகு 125 ஆகலாம். கூடுதல் எண்ணிக்கைக்குத் தனியாக டெலிவரிக் காலம் கிடைக்கும் என்றாலும் விலை பழையதுதான். அடிமட்ட விலையைக் கணக்கிடும்போது 125 பீரோவுக்குத் தகடு என்ன விலைக்குக் கிடைக்கும் என்று பாருங்கள்.

சிறு உற்பத்தியாளருக்கு உள்ள சலுகைகள் கெட்டியானவை, பயன்படுத்தாமல் விடாதீர்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை 2012-ல் வந்தது. 2018 திருத்தத்துக்குப் பின் மத்திய அரசு நிறுவனங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தை இவர்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நிறுவனங்களுக்கு 3 சதவீதம். ஏலத்தில் பங்கேற்க வைக்கும் முன்வைப்புத் தொகையான இ.எம்.டி. கட்டத் தேவையில்லை. முக்கியமானது விலைச் சலுகை: எல்1 வந்தவர் பெரிய நிறுவனமாக இருந்து, உங்கள் விலை அதற்கு மேல் 15 சதவீதத்துக்குள் இருந்தால், அந்த எல்1 விலைக்கு இறங்கி வரச் சம்மதித்து 25 சதவீத அளவை எடுக்கலாம். ஆனால் இதற்கான பெட்டியை ஏலத்தில் பங்கேற்கும்போதே டிக் செய்து, உத்யம் சான்றிதழை ஏற்றியிருக்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது. எல்1 விலை உங்கள் அடிமட்ட விலைக்குக் கீழே இருந்தால் சம்மதிக்கவும் வேண்டாம்.

இ.எம்.டி. விலக்கு உண்டு என்பதால் பேங்க் கியாரண்டிக்கும் விலக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கிடையாது. வென்றபின் ஒப்பந்த மதிப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை, வேலையைச் சரியாக முடிப்பீர்கள் என்பதற்கான செயல்திறன் உத்தரவாதத்தை வங்கி வழியாகக் கேட்பார்கள். மேலே சொன்ன ஒப்பந்தத்துக்கு 3 சதவீதம் என்றால் 38,400. வங்கி மேலாளரிடம் கடன் வரம்பு இல்லாதவர் முழுத் தொகையையும் டெபாசிட்டாக வைக்க வேண்டிவரும். ஏலத்தில் இறங்கும் முன்பே வங்கியில் பேசிவையுங்கள். வென்றபின் ஓடினால் தேதி தாண்டும்.

ஏ.டி.சி.யில் சில வாங்குபவர்கள் தளம் அனுமதிக்காத நிபந்தனைகளைச் சேர்த்துவிடுவதுண்டு. டெண்டர் கட்டணம் கேட்பது, காகித ஆவணங்களைத் தபாலில் அனுப்பினால்தான் தகுதி என்பது போன்றவை. இவை செல்லாது என்று ஏல ஆவணத்தின் அடியிலேயே அச்சிட்டிருக்கும். ஏலம் வெளியான 4 நாளுக்குள் உங்கள் கணக்கிலிருந்து ஆட்சேபம் எழுதலாம். வாங்குபவர் பதில் சொல்லியாக வேண்டும். சுருக்கமாக, நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டு, என்ன மாற்ற வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். ஏலம் தொழில்நுட்ப ஆய்வில் இருக்கும்போது விளக்கம் கேட்டு வரும் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு நாள் போலத்தான் கிடைக்கும். தினம் காலையும் மாலையும் கணக்கைத் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

சரக்கு போனபின்

ஒப்பந்தம் வந்த அன்றே கன்சைனி அதிகாரியை, அதாவது சரக்கைப் பெற்றுக்கொள்பவரை, கூப்பிடுங்கள். இறக்க இடம் உண்டா, வாயிலில் அனுமதிச் சீட்டு வேண்டுமா, எந்த நேரத்துக்குள் வண்டி வர வேண்டும், மாடியா தரையா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு உள்ள வளாகங்களில் ஓட்டுநரின் அடையாள அட்டை இல்லாமல் லாரி ஒரு நாள் வெளியே நிற்கும். காத்திருப்பு வாடகை உங்கள் தலையில்.

தளத்தில் பில் போட்டபின் உங்கள் ஜி.எஸ்.டி. பில்லும் அதோடு ஒத்துப்போக வேண்டும்: வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண், தொகை, எண்ணிக்கை எல்லாம். சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லுக்குத் தமிழகத்துக்குள் வரம்பு 1 லட்சம், மாநிலம் தாண்டினால் 50,000.

தாமதத்துக்கான தண்டம் வாரத்துக்கு 0.5 சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம். நம் 12,80,000 ஒப்பந்தத்தில் முழுத் தண்டம் 1,28,000, பீரோவுக்கு 1,600. மேலே வந்த லாபம் 1,611 என்பதை நினைவில் வையுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் டெலிவரித் தேதி முடிவதற்கு முன்பே தளத்தில் நீட்டிப்புக் கேளுங்கள், காரணத்தையும் ஆதாரத்தையும் சேர்த்து. வாங்குபவர் இடம் தயாராக இல்லாமல் தாமதமானால் அவரிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வாங்கிவையுங்கள். தொலைபேசியில் ‘அடுத்த வாரம் கொண்டு வாங்க’ என்று சொன்னதைக் கணினி ஏற்காது. தண்டத்தை அது தேதியை வைத்துத்தான் போடும்.

சரக்கு இறங்கியதும் தற்காலிக ரசீது 48 மணி நேரத்தில் வர வேண்டும். பிறகு சரிபார்த்து ஏற்றுக்கொண்டதற்கான சி.ஆர்.ஏ.சி. சான்று 10 நாளுக்குள். அதன்பின் 10 நாளுக்குள் பணம். காகிதத்தில் இப்படி. நடைமுறையில் கயிறு அறுவது சி.ஆர்.ஏ.சி.யில்தான். கன்சைனியாக இருப்பவர் ஒரு பள்ளி முதல்வராகவோ கிடங்குக் கண்காணிப்பாளராகவோ இருப்பார். தளத்தில் அவருக்குப் பழக்கம் இருக்காது, கடவுச்சொல் மறந்திருக்கும், இடமாற்றலாகிப் போயிருப்பார். சரக்கோடு ஒரு ஆளை அனுப்பி, அங்கேயே எண்ணிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, படமெடுத்து, மூன்றாம் நாள் ஒருமுறையும் எட்டாம் நாள் ஒருமுறையும் மரியாதையாக நினைவூட்டுங்கள். பல முகவரிகள் உள்ள ஒப்பந்தத்தில் ஒவ்வொரு முகவரிக்கும் தனிச் சான்று வர வேண்டும் என்பதால், கன்சைனி எண்ணிக்கை கூடக் கூடப் பணம் தள்ளிப்போகும்.

பணம் வராவிட்டாலும் ஜி.எஸ்.டி. காத்திருக்காது. மாதக் கணக்கு தாக்கல் செய்பவர் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். நம் கணக்கில் மொத்த வரி 1,95,254. மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய வரிக்கான உள்ளீட்டு வரவு போக மீதியைக் கைக்காசில் கட்ட வேண்டிவரும். மார்ச் 28-ல் பில் போடுவதற்கும் ஏப்ரல் 1-ல் போடுவதற்கும் வித்தியாசம் ஒரு மாத வட்டி. இது போக, ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக 2.5 லட்சம் தாண்டினால் அரசு வாங்குபவர் 2 சதவீத ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். பிடிப்பார். இங்கே சுமார் 21,695. அது ஜி.எஸ்.டி. தளத்தில் உங்கள் ரொக்கக் கணக்குக்கு வரும், ஆனால் நீங்கள் உள்ளே போய் ஏற்றுக்கொண்டால்தான். இதைச் செய்யாமல் பணம் குறைவாக வந்துவிட்டதாக அதிகாரியிடம் சண்டை போடுபவர்கள் உண்டு.

பணம் தாமதமானால் வாங்கும் துறைக்கு மாதம் 1 சதவீத அபராத வட்டி என்று 2020-ல் விதி வந்தது. நல்ல விதிதான், ஆனால் அந்த வட்டி தளத்தின் கணக்குக்குப் போகும், விற்றவருக்கு வராது. இந்தத் தளத்தின் மிகப் பெரிய குறை இதுதான் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். பணத்துக்குக் காத்து, கடனுக்கு வட்டி கட்டுவது பட்டறைக்காரர். இழப்பீடு அவருக்குச் சேர வேண்டும்.

உங்களுக்கான வழி 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. தமிழ்நாட்டில் இதற்கான வசதியாக்கக் குழுக்கள் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ளன. மனுவை ஆன்லைனில் கொடுக்கலாம். குழுவின் தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போனால் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும். இது பெரிய பிடி. உத்யம் பதிவை ஒப்பந்தத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும்; பிறகு எடுத்த பதிவைக் காட்டிப் பழைய பாக்கிக்கு வழக்காடுவது கடினம். மனுவுக்கு ஒப்பந்தம், பில், சி.ஆர்.ஏ.சி., நினைவூட்டல் மின்னஞ்சல்கள் போதும். பெரும்பாலான துறைகள் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிய முதல் கடிதத்துக்கே அசைந்துகொடுக்கும்.

சேவை ஒப்பந்தங்கள்

துப்புரவு, காவல், ஆள் வழங்கல் போன்றவற்றுக்கு மதிப்பீடு கறாராகத்தான் சொல்ல வேண்டும்: புதியவர்கள் விலகியிருப்பது நல்லது. கூலி குறைந்தபட்ச ஊதியப்படி நிர்ணயமாகிவிடும். போட்டி உங்கள் சேவைக் கட்டணத்தில் மட்டும். ஆள் ஒப்பந்தங்களில் அதற்கு 3.85 சதவீதம் என்ற கீழ்வரம்பு வைத்தபின் எல்லோரும் அதையே போடுகிறார்கள். சமநிலையில் கணினியின் தேர்வுதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. வென்றாலும், துறை பணம் தருவதற்கு முன் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தையும், வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் பங்காக நிர்வாகக் கட்டணம் சேர்த்து 13 சதவீதத்தையும், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதத்தையும் கைக்காசில் போட வேண்டும். முந்தைய மாதச் சலான் இல்லாமல் அடுத்த பில் நகராது. 20 பேருக்கு மாதம் 4 லட்சம் என்றால் 12 லட்சம் சுழலில் நிற்கும், அதில் 3.85 சதவீதம் என்ன வருமானம் என்று போட்டுப் பாருங்கள்.

யார் வரலாம்

மர, இரும்புத் தளவாடம், படுக்கை விரிப்பு, சீருடை, துப்புரவுப் பொருள், பேனல் போர்டு, காகிதப் பொருள் செய்பவர்கள், 300 கிலோமீட்டருக்குள் வாங்குபவர்கள் இருந்தால் தாராளமாக வரலாம். முதல் ஆறு மாதம் 50,000-க்குள் உள்ள நேரடி ஆர்டர்களும், 10 லட்சத்துக்குள் உள்ள எல்1-ம் போதும். பரிவர்த்தனைக் கட்டணமும் இல்லை. உங்கள் மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜெம்மிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு துறை பணத்தை இழுத்தடித்தாலும் மற்ற வாடிக்கையாளர்கள் சம்பள நாளைத் தாங்குவார்கள்.

மாநில அரசுத் துறைகளை மட்டும் குறிவைப்பவர்களுக்கு இது இடமில்லை. தமிழக அரசின் கொள்முதல் பெரும்பாலும் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி மாநிலத்தின் தனி டெண்டர் தளத்தில் நடக்கிறது. அங்கே மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பச் சான்று வாங்கித் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.